ஒரே கட்டடம், பல சன்னல்கள் – பிளான் தாளைப் படித்துக் கையெழுத்துப் போடுவோம்



இப்போதெல்லாம் நம் கூட்டங்களில் தீர்மானப் புத்தகத்தோடும் சேமிப்பு லெட்ஜரோடும் சேர்ந்து பிளான் தாளும் வந்து விரிகிறது. கூட்டமைப்புக்கு ஓர் அலுவலகக் கட்டடம், பருப்பு மிளகாய் இருப்பு வைக்க ஒரு ஸ்டோர், மாவு மில் போட ஒரு கொட்டகை என்று ஏதாவது ஒரு கட்டட வேலை பற்றிப் பேச்சு நடக்கிறது. வீடு கட்டும் உறுப்பினர்களும் அதிகம். பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி. இத்தனை சின்ன வீட்டில் ஒரு சுவர் அரை அடி தள்ளிப் போனாலும் கட்டில் போட இடம் இருக்காது.

ஆனால் அந்தப் பிளான் தாளை நாம் எப்படிப் பார்க்கிறோம்? "இன்ஜினியர் சார் போட்டது, சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, எந்த இடத்தில் கையெழுத்து என்று மட்டும் கேட்கிறோம். மாதக் கணக்கில் 5 ரூபாய் இடித்தால் இரவு 10 மணி வரை உட்கார்ந்து தேடுகிற நாம், பல லட்ச ரூபாய்க் கட்டடத்தின் தாளை இரண்டு நிமிடத்தில் மடித்து வைத்து விடுகிறோம். கட்டி முடித்த பிறகுதான், "இப்படியா சொன்னோம்?" என்று சண்டை வருகிறது. அப்போது மேஸ்திரி தாளைக் காட்டுவார். அதில் நம் கையெழுத்து இருக்கும்.

நாங்கள் ஊர் ஊராகப் போகும்போது பெண்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஏங்க, நாம கட்டப் போறது ஒரே கட்டடம்தானே, தாள்ல எதுக்கு நாலு கட்டடம் போட்டிருக்கு? அதுலயும் ஒண்ணு பெருசா இருக்கு, ஒண்ணு சின்னதா இருக்கு?" மிக நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால் பிளான் தாளில் பாதி புரிந்து விடும். இந்த மாதம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

கையால் வரைந்த காலம்

முன்பு டிரேசிங் தாளைப் பலகையில் ஒட்டி, மை பேனாவால் வரைவார்கள். மேலிருந்து பார்க்கும் பிளான் ஒரு படம், முன்பக்கத் தோற்றம் ஒரு படம், குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியும் என்பது ஒரு படம், மனை முழுவதையும் காட்டுவது ஒரு படம். எல்லாம் தனித்தனியாக வரைய வேண்டும். பாதியில் ஒரு சுவரை ஓர் அடி நகர்த்தச் சொன்னால், நாலு படத்திலும் பிளேடால் சுரண்டித் திரும்ப வரைய வேண்டும். ஒன்றில் மறந்து விட்டால் போச்சு, ஒரு படம் ஒன்று சொல்லும், இன்னொரு படம் வேறு சொல்லும்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. நம் பக்கம் பெரும்பாலும் பயன்படுத்துவது ஆட்டோகேட் என்ற மென்பொருள். இது 1982-ல் அமெரிக்காவில் வெளியானது. முதல் சில வருடங்கள் இதிலும் அதே தொல்லைதான். ஒரு பகுதியைப் பெரிதாகக் காட்ட வேண்டுமானால், அதை மட்டும் நகல் எடுத்துப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைக்க வேண்டும். மூலத்தை மாற்றினால் நகல் மாறாது. 1990-ல் வந்த 11-ஆம் வெளியீட்டில்தான் இதற்கு வழி பிறந்தது. கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு தாளை வைத்து, அந்தத் தாளில் சன்னல்களைத் திறந்து, அவற்றின் வழியாக ஒரே கட்டடத்தைப் பல விதமாகப் பார்க்கும் முறை அது. அந்தச் சன்னலுக்கு 'வியூபோர்ட்' என்று பெயர். நம் கட்டடத்தில் காற்று வர வைக்கும் சன்னல் வேறு, இது வேறு. குழப்பம் வராமல் இருக்க நாமும் வியூபோர்ட் என்றே சொல்லலாம்.

காலண்டர் அட்டையில் ஒரு சோதனை

பழைய காலண்டர் அட்டை ஒன்றை எடுத்து, பிளேடால் மூன்று சதுர ஓட்டை போடுங்கள். அட்டையைக் கண்ணுக்கு முன் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று உங்கள் வீட்டைப் பாருங்கள். எல்லா ஓட்டையிலும் தெரிவது ஒரே வீடுதான். வீட்டை யாரும் மூன்றாகக் கட்டவில்லை. ஓர் ஓட்டையில் பூதக்கண்ணாடி ஒட்டினால் அதில் மட்டும் கதவு பெரிதாகத் தெரியும். அதற்காகக் கதவு வளர்ந்து விடவில்லை.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். உள்ளே இரண்டு இடம் இருக்கிறது. ஒன்றின் பெயர் மாடல். அங்கே கட்டடத்தை முழு அளவில் வரைவார்கள். 10 அடிச் சுவர் என்றால் 10 அடி என்றே கொடுப்பார்கள். கம்ப்யூட்டருக்குள் இடப் பஞ்சம் இல்லை, அதனால் சுருக்க வேண்டிய தேவை இல்லை. இன்னொன்றின் பெயர் லேஅவுட். அதுதான் நம் கைக்கு வரப் போகும் தாள். ஓரத்தில் கோடு, கீழே வலது மூலையில் கட்டடத்தின் பெயர், தேதி, இன்ஜினியர் கையெழுத்துப் போடும் கட்டம் எல்லாம் அங்கே இருக்கும். இந்தத் தாளில் வியூபோர்ட்களைத் திறப்பார்கள். அவற்றின் வழியாக மாடலில் உள்ள கட்டடம் தெரியும். தாளில் கட்டடமே இல்லை, தெரிவதெல்லாம் ஓட்டை வழியே தெரிகிற காட்சி.

இதில் பெரிய லாபம், மாடலில் ஒரு தடவை மாற்றினால் அந்தச் சுவரைக் காட்டும் எல்லா வியூபோர்ட்டிலும் தானாக மாறி விடும். "ஸ்டோர் கதவை வடக்குப் பக்கம் மாத்துங்க" என்று நாம் சொன்னால், பிளான் படத்திலும் மனைப் படத்திலும் அது சேர்ந்தே மாறும். குறுக்கு வெட்டுப் படத்தையும் முன்பக்கத் தோற்றத்தையும் பெரும்பாலும் தனியாகவே வரைகிறார்கள். அதனால் அவை தானாக மாறாது. மாற்றம் சொன்னால், "சார், வெட்டுப் படத்துலயும் மாத்திட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள்.

ஒவ்வொரு வியூபோர்ட்டுக்கும் தனி ஸ்கேல்

ஒரு கட்டடத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கூட்டம் நடத்த 30 அடி நீளம், 20 அடி அகலத்தில் ஒரு கூடம். அதை ஒட்டி 10 அடி அகலத்தில் ஸ்டோரும் கழிப்பறையும். மனை 80 அடிக்கு 60 அடி. ஏ3 என்ற தாளில் போடுகிறார்கள். அது 42 செ.மீ. நீளம், 29.7 செ.மீ. அகலம். நாம் மனு எழுதும் ஏ4 தாள் இரண்டைப் பக்கத்தில் வைத்தது போல் இருக்கும்.

பிளான் தெரியும் வியூபோர்ட்டில் 1:50 என்று எழுதியிருப்பார்கள். நிலத்தில் 50 செ.மீ. இருப்பது தாளில் 1 செ.மீ. என்று அர்த்தம். நம் கட்டடம் சுமார் 20 செ.மீ. சதுரமாகத் தெரியும். மனை முழுவதையும் அதே அளவில் காட்டத் தாள் போதாது. அதனால் மனைப் படத்தின் வியூபோர்ட் 1:200. அங்கே 80 அடி மனை 12 செ.மீ.யில் அடங்கி விடும். படிக்கட்டு விவரம் மட்டும் 1:20-ல் பெரிதாக இருக்கும். "ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது" என்பதன் ரகசியம் இவ்வளவுதான். பட்டாவோடு வாங்கும் புலப்படத்திலும் ஸ்கேல் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தாளுக்கு ஒரு ஸ்கேல், இங்கே வியூபோர்ட்டுக்கு ஒரு ஸ்கேல்.

ஒரு 10 அடி அறை 1:50 வியூபோர்ட்டில் 6.1 செ.மீ. இருக்கும். அதே அறை 1:100-ல் 3 செ.மீ., 1:200-ல் ஒன்றரை செ.மீ. பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்கேலை வாங்கி வைத்து நீங்களே அளந்து பார்க்கலாம். தாளின் மூலையில் பொதுவாக ஒரே ஒரு ஸ்கேல் எழுதி, உள்ளே நாலு வியூபோர்ட் நாலு அளவில் இருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் அதனதன் ஸ்கேல் எழுதியிருக்க வேண்டும்.

ஜெராக்ஸ் செய்யும் வேலை

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஏ3 தாள் பெரிதாக இருக்கிறது, ஃபைலில் நுழையவில்லை. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஏ4 ஆக்கிக்கொள்கிறோம். மிஷின் அதை 71 சதவீதமாகச் சுருக்குகிறது. படம் சுருங்கி விட்டது, ஆனால் கீழே 1:50 என்ற எழுத்து அப்படியே இருக்கிறது. 6.1 செ.மீ. இருந்த 10 அடி அறை இப்போது 4.3 செ.மீ. மேஸ்திரி அந்த ஏ4 தாளில் ஸ்கேலை வைத்து அளந்து, 1:50 கணக்குப் போட்டால் 7 அடி 1 அங்குலம் வரும். மூணு அடி போச்சு! பெரிய அறையில் எழுதிய அளவு இருப்பதால் பெரும்பாலும் தப்பித்து விடுவோம். அளவு எழுதாத சின்னச் சின்ன விஷயங்களில்தான் மாட்டுவோம்: அலமாரியின் ஆழம், சமையல் மேடையின் அகலம், கழிப்பறைக் கோப்பை சுவரில் இருந்து எத்தனை தூரம் என்பது போன்றவை.

ஜெராக்ஸ் எடுக்காமலும் இது நடக்கும். கம்ப்யூட்டரில் பிரிண்ட் கொடுக்கும்போது "தாளுக்கு ஏற்றபடி பொருத்து" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டிருந்தால், வியூபோர்ட் சரியாக 1:50-ல் இருந்தாலும் தாள் முழுவதும் சுருங்கித்தான் வெளியே வரும். லேஅவுட்டை 1:1 என்று கொடுத்துத்தான் பிரிண்ட் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைப் பிரிண்ட் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு கோட்டு ஸ்கேல் போட்டுத் தரச் சொல்லுங்கள். 0, 5, 10 அடி என்று குறித்த ஒரு கோடு, அவ்வளவுதான். படம் சுருங்கினால் அந்தக் கோடும் கூடவே சுருங்கும். ஒரு விளக்குமாற்றுக் குச்சியை அந்தக் கோட்டில் 10 அடி நீளத்துக்கு ஒடித்து, படத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே போகலாம். எத்தனை ஜெராக்ஸ் எடுத்தாலும் கணக்குத் தப்பாது. எழுதத் தெரியாத அக்காவும் இதைச் செய்யலாம். இன்ஜினியரிடம் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அவருக்கு இது இரண்டு நிமிட வேலை.

கோட்டு ஸ்கேல் இல்லாத தாள் கைக்கு வந்து விட்டதா? அளவு எழுதிய ஏதாவது ஒரு சுவரை அளந்து பாருங்கள். 10 அடி என்று எழுதிய சுவர் 1:50-ல் 6.1 செ.மீ. இல்லையென்றால், அந்தத் தாளை அளந்து எதுவும் கட்டக் கூடாது. எழுதிய அளவை மட்டுமே பின்பற்ற வேண்டும்.

எழுதிய அளவையும் கூட்டிப் பாருங்கள்

எழுதிய அளவு மட்டும் எப்போதும் சரியா என்றால், அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஆட்டோகேட்டில் அளவு எழுத்து தானாக வரும். சுவரை நீட்டினால் அதன் அளவும் மாறும். ஆனால் அவசரத்தில் சிலர் சுவரை நகர்த்தாமல், எண்ணை மட்டும் அழித்துக் கையால் தட்டி விடுவார்கள். கோடு 10 அடியில் நிற்கும், எழுத்து 12 அடி என்று சொல்லும். அதன் பிறகு சுவரை எப்படி மாற்றினாலும் அந்த எண் மாறாது.

நாம் லெட்ஜரில் செய்கிற கூட்டல் இங்கே கை கொடுக்கும். மேலே சொன்ன கட்டடத்தில் ஒரு பக்கமாகக் கூட்டுவோம். வெளிச்சுவர் 9 அங்குலம், கூடம் 20 அடி, நடுச்சுவர் 9 அங்குலம், ஸ்டோர் 10 அடி, வெளிச்சுவர் 9 அங்குலம். மொத்தம் 32 அடி 3 அங்குலம். வெளியே எழுதியிருக்கும் மொத்த அளவும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். 30 அடி என்று இருந்தால், சுவர் கனம் யார் பங்கில் இருந்து போகப் போகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஸ்டோர் பங்கில் இருந்துதான் போகும்.

ஓரத்தில் வெட்டுப்பட்டது

வியூபோர்ட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு வெளியே இருப்பது தாளில் தெரியாது. கட்டடத்தில் இருக்கும், மாடலில் இருக்கும், தாளில் இருக்காது. இதைச் சொன்னால் ஆச்சரியமாக இருக்கும், ஆனால் இதனால் வரும் வம்பு நிஜமானது.

மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் வந்து போக ஒரு சாய்தளம் வேண்டும் என்று தீர்மானம் போடுகிறோம். சாய்தளத்துக்கு 1-க்கு 12 என்பது கணக்கு. 1 அடி உயர 12 அடி நீளம் வேண்டும். மழைத் தண்ணீர் ஏறாமல் இருக்கப் பேஸ்மட்டம் 2 அடி வைத்தால், சாய்தளம் 24 அடி. தெருவில் இருந்து நேராக வாசலுக்கு வருவது போல் வரைகிறார்கள். 1:50 வியூபோர்ட்டில் 24 அடி என்பது கிட்டத்தட்ட 15 செ.மீ. கட்டடத்துக்கே 20 செ.மீ. போய் விட்டது. பக்கத்தில் மற்ற படங்களும் இருக்கின்றன. அதனால் பிளான் வியூபோர்ட்டின் எல்லையை வாசலோடு முடித்து விடுகிறார்கள். சாய்தளம் மனைப் படத்தில் மட்டும், 1:200-ல், மூன்றே முக்கால் செ.மீ. கோடாக இருக்கிறது.

மேஸ்திரி பார்ப்பது பெரிய படத்தை. அதில் சாய்தளம் இல்லை. அதனால் அவர் மூன்று படி கட்டுவார். எஸ்டிமேட் போடுபவரும் பெரிய படத்தை வைத்துப் போட்டால் சாய்தளத்துக்குக் காசே இருக்காது. போலியோ பாதித்த சகோதரி பிறகு எப்படி உள்ளே வருவார்? வாசலில் நின்றபடி சேமிப்பைக் கொடுத்து விட்டுப் போவார். கூட்டத்தில் அவர் பேச வேண்டியதை யார் பேசுவது?

ஆகவே தாளில் ஒரு கோடு படத்தின் ஓரத்தில் போய் சட்டென்று நின்றால், "இதுக்கு அப்புறம் என்ன இருக்கு?" என்று கேட்க வேண்டும். "தொடர்ச்சி மனைப் படத்தில்" என்று அந்த இடத்தில் ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும்.

மறைத்து வைத்த லேயர்

இன்னொரு விஷயம் இதை விட நுணுக்கமானது. ஆட்டோகேட்டில் எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைவது போல் வரைய மாட்டார்கள். கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது போல் இருக்கும். சுவர் ஒரு கண்ணாடித் தாளில், குழாய் ஒன்றில், மின்சாரம் ஒன்றில், அஸ்திவாரம் ஒன்றில். இதற்கு லேயர் என்று பெயர். எல்லாம் ஒன்றாகத் தெரிந்தால் இடியாப்பம் போல் சிக்கலாக இருக்கும். அதனால் ஒவ்வொரு வியூபோர்ட்டிலும் வேண்டாத லேயரை மட்டும் மறைக்கும் வசதி இருக்கிறது. பிளான் படத்தில் குழாயை மறைப்பார்கள். குழாய்ப் படத்தில் அதைத் திறந்து வைத்து, கட்டில் மேசையை மறைப்பார்கள். இது நல்ல ஏற்பாடு, ஏமாற்று வேலை இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நம்மிடம் பிளான் படம் மட்டும் இருக்கும்போது. நம் உதாரணத்தில் கழிப்பறைக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில் ஸ்டோர் இருக்கிறது. கழிவுக் குழாய் ஸ்டோரின் தரைக்கு அடியில் போகிறது, அடைப்பு எடுக்கும் தொட்டியின் மூடி ஸ்டோருக்குள்ளேயே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளான் வியூபோர்ட்டில் குழாய் லேயர் மறைந்திருக்கிறது. பார்க்க ஸ்டோர் சுத்தமாக, காலியாக, அழகாக இருக்கும். கையெழுத்துப் போட்டு விடுவோம். நாளைக்கு துவரம் பருப்பு மூட்டையை நகர்த்தித்தான் அந்த மூடியைத் திறக்க வேண்டும் என்பது தரை போட்ட பிறகுதான் தெரியும். அப்போது உடைத்து மாற்ற ஆகும் செலவு யார் தலையில்? அரிசி பருப்பு வியாபாரம் செய்யும் குழுக்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு தடவை நாற்றம் பிடித்தால் அந்தச் சரக்கை யார் வாங்குவார்கள்?

குழாய்ப் படம் தனியாக இருக்கிறதா, செப்டிக் டேங்கும் உறிஞ்சு குழியும் கிணற்றுக்கு எந்தப் பக்கம், மில்லுக்கு த்ரீ பேஸ் போர்டு எந்தச் சுவரில் என்பதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். "இந்தப் படத்தில் எதையெல்லாம் மறைச்சிருக்கீங்க?" என்பது நல்ல கேள்வி. இதைக் கேட்டால் இன்ஜினியர் நம்மைப் பார்க்கிற பார்வையே மாறும், அது வேறு விஷயம்.

ஐ.டி.ஐ. படிக்கும் நம் பெண்களுக்கு

உறுப்பினர்களின் மகள்கள் சிலர் சிவில் வரைவாளர் படிப்பு படிக்கிறார்கள். 10-ஆம் வகுப்பு தேறியவர்கள் ஐ.டி.ஐ.யில் சேரலாம், இரண்டு வருடம். அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பில் இருந்து படித்த பெண்கள் ஐ.டி.ஐ. சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். ஆட்டோகேட் மென்பொருளை மாணவர்கள் படிப்புச் சான்று காட்டி ஒரு வருடத்துக்கு இலவசமாகப் பெறலாம், படிப்பு தொடர்ந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். இதற்காக யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்களுக்காக ஒரு சில வார்த்தைகள். தாய்மார்கள் இந்தப் பக்கத்தை வெட்டி அவர்களிடம் கொடுங்கள்.

தங்கைகளே, லேஅவுட்டில் வியூபோர்ட் திறந்ததும் மாடலில் உள்ளதெல்லாம் அதற்குள் அடங்கும்படி வந்து நிற்கும். அப்போது ஸ்கேல் 1:87 என்பது போல் ஏதோ ஓர் எண்ணாக இருக்கும். அதை அப்படியே விட்டு விடாதீர்கள். பட்டியலில் இருந்து 1:50 அல்லது 1:100 என்று தேர்வு செய்து, உடனே பூட்டுப் படத்தை அழுத்திப் பூட்டி விடுங்கள். பூட்டாத வியூபோர்ட்டுக்குள் இரண்டு தடவை கிளிக் செய்து மவுஸ் சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டினாலே ஸ்கேல் மாறி விடும். கண்ணுக்குத் தெரியாது. படம் கொஞ்சம் பெரிதானது போல் மட்டும் இருக்கும். கீழே நீங்கள் தட்டி வைத்த 1:50 பொய்யாகி விடும். பூட்டு போட்டிருந்தால் எத்தனை உருட்டினாலும் தாள் முழுவதும் சேர்ந்துதான் பெரிதாகும், ஸ்கேல் அசையாது.

இரண்டு தடவை கிளிக் செய்து உள்ளே போனால் வியூபோர்ட்டின் எல்லைக்கோடு தடிமனாகும். நீங்கள் இப்போது நிஜக் கட்டடத்தைத் தொடுகிறீர்கள் என்று அர்த்தம். அங்கே ஒரு கதவை நகர்த்தினால் அந்தக் கதவு தெரியும் எல்லா இடத்திலும் நகரும். வேலை முடிந்ததும் வெளியே தாளில் இரண்டு தடவை கிளிக் செய்து வந்து விடுங்கள். பூட்டு ஸ்கேலைத்தான் காக்கும், கட்டடத்தைக் காக்காது.

எழுத்தின் அளவும் முக்கியம். மாடலில் எழுதினால், தாளில் 2.5 மில்லி மீட்டர் உயரம் வர 1:100-க்கு 250 மி.மீ. கொடுக்க வேண்டும், 1:50-க்கு 125 மி.மீ. ஒரே எழுத்து இரண்டு வியூபோர்ட்டில் தெரிந்தால் ஒன்றில் எறும்பு, ஒன்றில் யானை. 2008 வெளியீட்டில் இருந்து வந்திருக்கும் 'அன்னொடேட்டிவ்' வசதியைப் பயன்படுத்தினால் அந்தந்த ஸ்கேலுக்கு ஏற்ப எழுத்து தானாக நிற்கும். உங்கள் தாளைப் படிக்கப் போவது வெயிலில் நிற்கும் மேஸ்திரி. கண்ணாடி போடாத நம் தலைவி அக்காவும் படிப்பார். அவர்களுக்குத் தெரிகிற அளவில் எழுதுங்கள்.

வியூபோர்ட்டின் எல்லைக்கோடு தாளில் அச்சாகாமல் இருக்க அதைத் தனி லேயரில் வைத்து, அச்சு வேண்டாம் என்று குறித்து விடுவார்கள். இது வழக்கம்தான். ஆனால் படம் பாதியில் வெட்டுப்படும் இடத்தில் ஒரு முறிவுக் கோடாவது போட்டு விடுங்கள். சாய்தளக் கதையை மறக்க வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில்

அடுத்த மாத ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்தில் மேலே சொன்ன கூடம், ஸ்டோர் கட்டடத்தின் மாதிரித் தாளை ஏ3 அளவில் ஒன்றும், அதையே ஏ4 ஆகச் சுருக்கி ஒன்றும் ஒவ்வொரு குழுவுக்கும் கொடுக்கிறோம். இரண்டிலும் ஸ்டோரின் அகலத்தை அளந்து, வித்தியாசத்தைக் குறித்து வர வேண்டும். குழுவுக்கு இரண்டு பேர் வந்தால் போதும். ஊக்குநர் மட்டும் வராமல், கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகும் உறுப்பினர் ஒருவரையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்கு யாருக்கும் தெரியாது. பிள்ளைகளின் ஸ்கேல் ஒன்று, டேப் ஒன்று, இரண்டு விளக்குமாற்றுக் குச்சி எடுத்து வரவும். வீடு கட்டத் தொடங்கியிருக்கும் உறுப்பினர்கள் தங்கள் சொந்தப் பிளான் தாளையும் கொண்டு வரலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.